என் லேத்தில் மச்சினன் மாட்டிய பெட்டி

என் கையால் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

தோட்டத்து மாட்டுக்கொட்டகைக்குத் தண்ணீர் ஏற்றிய பம்பு, செத்துப்போன இரண்டு பம்புகளை ஒன்றாக்கி நான் உயிர் கொடுத்தது. ரப்பர் பாலைத் தகடாக்கும் உருளைக்கு அச்சு தேய்ந்தபோது, கோலாலம்பூரிலிருந்து சாமான் வரட்டும் என்று ஆபீஸ் கிராணி கைகட்டி உட்கார்ந்திருக்க, உடைந்த லோரி அச்சைக் கடைந்து மறுநாளே உருளையை ஓடவிட்டவன் நான். சுங்கை செம்பிலாங் படகுகளில் பாதிக்கு மேல் என் அச்சுத்தண்டுதான் சுற்றுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கால் விழுந்தபின் உட்கார்ந்து போகிற வண்டி என்னுடையது. தோட்டத்தை வீடமைப்புக்காரர்களிடம் விற்று எங்களையெல்லாம் கிளப்பியபோது, மற்றவர்கள் கட்டிலும் பீரோவும் ஏற்றினார்கள். நான் நாங்கள் குடியிருந்த லயத்துப் பலகையையும் தகரத்தையும் ஏற்றினேன். இந்தத் தாமான் குடியிருப்பில் என் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பட்டறை அந்தப் பலகைதான், அந்தத் தகரந்தான். ஓர் ஆளையும் கூலிக்கு வைக்கவில்லை.

இவ்வளவுக்கும் என் படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன்.

எல்லாவற்றிலும் பெரியது லேத். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நின்ற மெஷின். தோட்டம் மூடியதும் பழைய இரும்புக்காரன் வந்து அதைச் சம்மட்டியால் உடைத்துத் துண்டுதுண்டாக ஏற்றப் பார்த்தான். நான் குறுக்கே போய் நின்று, பேசி வாங்கினேன். ஊரே சிரித்தது. இரும்பைப் பிடிக்கிற சக்குப் பக்கம், கத்தி நகர்கிற படுகை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. மேடு எங்கே என்று பார்க்க மை தடவி, சுரண்டியால் சுரண்டி, மறுபடி மை தடவி, மழைக்காலம் முழுவதும் அதே வேலை. கடைசியில் படுகையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முடி அளவுகூட வித்தியாசம் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இருக்கட்டும்.

லேத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இரும்பைச் சக்கில் பிடித்துச் சுழலவிட்டு, கத்தியை ஒட்டிக் கடைவது லேத். மரை, அதாவது திருகுப் புரி, வெட்ட வேண்டுமானால், இரும்பு ஒரு சுற்றுச் சுற்றுகிற நேரத்தில் கத்தி இவ்வளவு தூரம்தான் நகர வேண்டும் என்று கணக்கு உண்டு. மெஷின் நீளத்துக்கும் ஓடுகிற ஒரு திருகுத்தண்டு கத்தியை நகர்த்தும். சக்கையும் தண்டையும் இணைப்பவை பக்கத்தில் இருக்கிற பல்சக்கரங்கள். மரை மாறினால் சக்கரத்தைக் கழற்றி வேறு சக்கரம் மாட்ட வேண்டும். கை முழுக்கக் கிரீஸ், விரல் நசுங்கும், சரியாக மாட்டாவிட்டால் கரகரவென்று கத்தும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

என் மெஷினில் இன்னொரு விஷயம் இருந்தது. எனக்கு மட்டுமே தெரிந்தது. பழைய திருகுத்தண்டு தேய்ந்து போனதால், பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு ஜப்பான் மெஷினின் தண்டை எடுத்து மாட்டியிருந்தேன். வெள்ளைக்காரன் தண்டு கால் அங்குல மரை. ஜப்பான்காரன் தண்டு ஆறு மில்லி. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வெட்டினால்தான் தெரியும். மெஷினின் நெற்றியில் ஆணியடித்திருக்கிற பித்தளைத் தகட்டில் இன்றைக்கும் கால் அங்குலம் என்றுதான் போட்டிருக்கும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட நூற்று இருபத்தேழு பல் கொண்ட ஒரு சக்கரம் வேண்டும். அதை உலு யாம் பக்கம் ஒரு பட்டறையை மூடியபோது தேடிப் பிடித்தேன். அந்தச் சக்கரத்தை நடுவில் மாட்டினால் எல்லாக் கணக்கும் நேராகிவிடும். எந்தப் புத்தகத்தையும் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. வெட்டி வெட்டிப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

இனி தேர்க் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்துக் கோயில் தாமானுக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பியிருக்கிறது. திருவிழாவுக்குத் தேர் உண்டு. தேர் போகிற சாலையில் மூன்று இடத்தில் மின்கம்பியும் போன் கம்பியும் தாழ்ந்து தொங்கும். அங்கே தேரின் உச்சியை இறக்கி, கம்பியைத் தாண்டியதும் ஏற்ற வேண்டும். கயிறும் கப்பியும் வைத்துத்தான் அதுவரை செய்துவந்தார்கள். முந்தைய திருவிழாவில் கயிறு சிக்கி, உச்சி இறங்காமல், பாதிச் சாலையில் சாமி நிற்க, பின்னால் சபாக்கிலிருந்து வந்த செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளெல்லாம் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. கோயில் தலைவருக்கு அவமானம். வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, கயிறு வேணாம். திருகு வெச்சு ஏத்தி இறக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. உங்களத்தான் நம்பியிருக்கோம்" என்றார்.

அந்தப் பேச்சைத் தாம்பூலத் தட்டில் வைத்து எனக்குக் கொடுத்த மாதிரி இருந்தது. நெஞ்சு உயரத்துக்கு ஒரு தண்டு, அதில் சதுர மரை, அது ஏறி இறங்க ஒரு வெண்கல நட்டு. கைப்பிடியைச் சுற்றினால் உச்சி மேலே போகும், திருப்பிச் சுற்றினால் கீழே வரும், கைவிட்டால் விட்ட இடத்தில் நிற்கும். மறுநாளே இரும்பை ஏற்றினேன். முதல் வெட்டு வைத்ததும் படக் என்றது. அந்த நூற்று இருபத்தேழு பல் சக்கரத்தில் வரிசையாக நாலு பல் போய்விட்டது.

அதற்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. ரவாங், கிள்ளான், ஈப்போ வரை விசாரித்தாயிற்று.

இந்த இடத்தில்தான் என் மச்சினன் வருகிறான். என் வீட்டுக்காரியின் தம்பி. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவன். தலைக்குச் சாயம் போடுவான். கை மிருதுவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஈஜோக் வழியாகக் கார் ஓட்டி வருவான். அவன் வருகிறான் என்றால் என் வீட்டுக்காரி காலையிலேயே ஜெராமுக்குப் போய் நண்டு வாங்கிவிடுவாள். நான் கேட்டால் நண்டு விலை ஏறிவிட்டது என்பாள்.

அன்றைக்கு நண்டைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"சக்கரமே வேணாம் மாமா. எலெக்ட்ரானிக்ல ஓட்டலாம். சக்கு பின்னால ஒரு சென்சார், எத்தன சுத்துதுன்னு எண்ணும். தண்டு முனையில ஒரு மோட்டார். நடுவுல ஒரு பெட்டி. பெட்டி சொல்ற அளவுக்கு மோட்டார் தண்ட சுத்தும். எந்த மரை வேணும்னாலும் பட்டன அமுக்குனா போதும்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு அதெல்லாம் புடிக்காதுடா. அவருக்கு கிரீஸ் பூசணும், விரல் நசுங்கணும், ராத்திரி என்கிட்ட தைலம் கேக்கணும்" என்றாள் என் வீட்டுக்காரி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே பல்வரிசை.

வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் தலைவரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. சரி என்றேன். சரி என்று சொன்ன அந்த நாள் முதல் என் வயிற்றில் ஒன்று உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பெயர் பொறாமை என்றால் பொறாமைதான். நான் அதை மறைக்கப் போவதில்லை. நாற்பது வருஷம் ஒரு மெஷினோடு குடும்பம் நடத்தியவனுக்குப் பொறாமைப்பட உரிமை உண்டு.

சாமான்கள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின. மோட்டார் ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. இதுவா என் தண்டைச் சுற்றப் போகிறது என்று கேட்டேன். சுத்தும் மாமா என்றான். அதை மெஷினில் பொருத்த ஒரு தாங்கி வேண்டும். அதை யார் செய்தது? நான். அரை அங்குல இரும்புத் தகட்டை அறுத்து, துளையிட்டு, மோட்டாரிலிருந்து தண்டுக்கு ஓடுகிற பல் வைத்த பெல்ட்டை இழுத்து இறுக்க நீளத்துளை போட்டு, மெஷினில் பழைய சக்கரங்கள் நின்ற அதே இடத்தில் உட்கார வைத்தேன். சக்கின் வால்பக்கம் சென்சாரின் பெல்ட் ஓட ஒரு பட்டைச்சக்கரம் வேண்டும். அதைக் கடைந்தது யார்? நான். கொஞ்சம் தள்ளாடினாலும் எண்ணிக்கை தவறும் என்றான். நூலில் எட்டில் ஒரு பங்குகூடத் தள்ளாடாமல் கொடுத்தேன். எங்களுக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. அவனுக்கு அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் செய்தது ஒயர். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று ஒயர், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

அந்த நாற்காலி என்னுடையது. என் வீட்டுக்காரி ஒரு நாளுக்கு மூன்று தடவை காப்பி கொண்டுவந்தாள். கண்ணாடி மூடி போட்ட கோப்பையில். அப்படி ஒரு கோப்பை வீட்டில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

பெட்டியில் பட்டன்களுக்கு மேல் எல்லாம் இங்கிலீஷ். அதைப் பார்த்து நான் நின்றதைக் கவனித்திருக்கிறான். அடுத்த ஞாயிறு வந்தபோது வெள்ளை ஒட்டுத்தாளில் 'முன்', 'பின்', 'நில்', 'மரை அளவு' என்று தமிழில் எழுதி ஒட்டினான். கையெழுத்துப் பள்ளிப் பிள்ளை கையெழுத்து மாதிரி. மரியாதைக்காகத்தான் செய்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் என் மெஷினுக்கு முன்னால் என்னைப் பாலர் வகுப்பில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. நான் அதைப் பிய்க்கவில்லை. படிக்கவும் இல்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், கவனியுங்கள். பெட்டிக்குள் மெஷினின் தண்டு என்ன மரை என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் என்ன செய்தான்? நெற்றியில் இருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்தான். கால் அங்குலம் என்று எழுதினான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாற்பது வருஷம் இந்த மெஷினோடு இருக்கிறவன் பக்கத்தில் நிற்கும்போது, ஒரு மனுஷன் தகட்டைப் பார்த்தால் என்ன அர்த்தம்? உடைந்த சக்கரம் சுவரில்தான் தொங்கியது. இத்தனை ஒற்றைப்படைப் பல்லோடு ஒரு சக்கரத்தை எதற்கு வைத்திருந்தேன் என்று அதையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வெட்டிப் பார்க்கட்டும் என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு என் மனசு எவ்வளவு குளிர்ந்து இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் குளிர்ந்துதான் இருந்தது.

பட்டனை அமுக்கினான். மோட்டார் கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. என் சக்கரங்களின் கரகரப்பு இல்லை. கத்தி தானாக நகர்ந்தது. பழைய இரும்புத் துண்டில் மரை பளபளவென்று விழுந்தது. அதே அளவு நட்டு ஒன்றை எடுத்து மாட்டினான். இரண்டு சுற்றுப் போனது, அப்புறம் இறுகி நின்றது. கழற்றி மறுபடி மாட்டினான். அதே இடம். தலையைச் சொறிந்தான். பெட்டியைத் திறந்து ஒயரையெல்லாம் பார்த்தான். நான் காப்பி குடித்தேன். அன்றைக்குக் காப்பி எனக்கும் கோப்பையில் வந்திருந்தது.

இப்போது என்னிடம் வருவான் என்று பார்த்தேன். வந்து "மாமா, என்னா கோளாறு?" என்று கேட்பான், நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, துண்டால் கையைத் துடைத்துவிட்டு, தண்டைப் பற்றிச் சொல்வேன். சொல்ல வேண்டிய வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன.

அவன் வரவில்லை. கத்தித்தளத்தை ஓரத்தில் நிறுத்தினான். சாக்பீஸால் தண்டில் ஒரு கோடு போட்டான். தண்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, தளம் எவ்வளவு நகர்ந்தது என்று அளவுகோலை வைத்தான். அறுபது மில்லி. இன்னொரு தடவையும் சுற்றினான். அதே அறுபது. அப்புறந்தான் திரும்பினான்.

"மாமா, இது மாத்துன தண்டா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலையே."

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்துவிட்டு, பெட்டிக்குள் ஓர் எண்ணை அழித்து வேறு எண் போட்டான். அவ்வளவுதான். புது மரையில் நட்டு எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு கடைசிவரை போனது.

சுவரில் தொங்கிய உடைந்த சக்கரத்தைப் பார்த்தேன். உலு யாம் வரை போய்த் தேடிய சக்கரம். எத்தனையோ இரும்பைக் கெடுத்துக் கண்டுபிடித்த கணக்கு. இத்தனை வருஷம் மண்டையில் சுமந்தேன், இன்னொருத்தனுக்குத் தெரியாது என்ற ஒரே காரணத்தால் அது பாரமாகத் தெரியவில்லை. அவனுக்கு அது அழித்து எழுதுகிற ஓர் எண்.

அவன் அதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டான். கொசுச் சத்தத்தோடு மரை விழுகிற வீடியோ. என் பட்டறை, என் மெஷின், ஓரத்தில் என் முழங்கை தெரியும், முகம் தெரியாது. மறுவாரம் சுங்கை செம்பிலாங்கிலிருந்து படகு முதலாளி, எங்கள் வழக்கில் தவுக்கே, வந்தார். அவர் படகுகளுக்கு வேலை செய்தே என் தலை நரைத்தது. வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, உன் மச்சினன் இருக்கிறாரா என்று. மலாயில்தான் கேட்டார், ஆனால் எந்தப் பாஷையில் கேட்டாலும் அது குத்தும். இல்லை என்றேன். அப்படியென்றால் அவர் வரும்போது வருகிறேன் என்று வண்டியைத் திருப்பினார். கையில் கொண்டுவந்த அச்சுத்தண்டைக்கூட இறக்கவில்லை.

தேர்த் திருகை வெட்டியது ஒரு வியாழக்கிழமை. இதில் யார் என்ன செய்தார்கள் என்று தெளிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியில் விஷயம் இங்கேதான் நிற்கிறது. சதுர மரைக்குக் கத்தி சும்மா தீட்டினால் வராது. மரை சாய்ந்து ஓடும், கத்தியின் இரண்டு பக்கமும் அந்தச் சாய்வுக்கு ஏற்ப இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் உரசிக் கிழிக்கும். அதைச் சாணையில் கையால் பிடித்துத் தீட்டியவன் நான். நீளத் தண்டு வெட்டும்போது நடுவில் நெளியும், அதற்கு முட்டுக் கொடுத்தவன் நான். நட்டுக்கு வெண்கலம் வேண்டுமே, அதே தவுக்கேயிடம் உடைந்த படகு விசிறியைக் கேட்டு வாங்கி, உருக்கி வார்த்து, உள்ளே மரை வெட்டியவன் நான். இரும்பில் கத்தி இறங்கும்போது எவ்வளவு இறக்க வேண்டும் என்று சீவி வருகிற சுருளின் நிறத்தைப் பார்த்துச் சொன்னவன் நான். அவன் பட்டனை அமுக்கினான். கத்தி ஓடி முடிந்ததும் பின்னுக்கு இழுத்து, பட்டனை அமுக்கி, மறுபடி முதலில் நிறுத்தினான். ஒவ்வொரு தடவையும் அதே மரையில் பிசகாமல் வந்து விழுந்தது. அதுவும் வேலைதான். வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை.

திருகு முடிந்தது. நட்டை மாட்டி விரலால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு இறங்கியது, விரலை எடுத்தால் அங்கேயே நின்றது. அவன் கைதட்டினான். நான் துடைக்கப் போனேன்.

எங்கள் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த சாமானில் முடித்தவன் தன் அடையாளத்தைக் குத்த வேண்டும். படித்தவர்களுக்கு இங்கிலீஷ் எழுத்து அச்சுகள் இருந்தன. எனக்கு எழுத்து இல்லை. பஞ்ச் உளியால் மூன்று புள்ளி, மேலே ஒன்று கீழே இரண்டு. தமிழ் வாத்தியார் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, உனக்கு ஆய்த எழுத்தா என்றார். அப்படியே என் பேர் அதுவாயிற்று. பாராட்டுக்காகக் குத்துவதில்லை. சாமான் உடைந்தால் வேலை வாங்குகிற மண்டோர் முதலில் அடையாளத்தைத்தான் பார்ப்பார். யாரைத் திட்ட வேண்டும் என்று அதுதான் சொல்லும். அதனால் இன்னொரு விதியும் இருந்தது. கடைசியாகக் கத்தி வைத்தவன்தான் குத்தலாம். அதற்கப்புறம் இன்னொருத்தன் அதில் ஒரு சீவல் எடுத்தால்கூட, பழைய அடையாளம் செல்லாது. எடுத்தவன் பொறுப்பு.

திருகின் மேல்முனையில் மூன்று புள்ளி குத்தினேன். மேலே ஒன்று, கீழே இரண்டு. விரலால் தடவிப் பார்த்தேன். அப்புறம் கிரீஸ் வாங்கக் கடைக்குப் போனேன். சைக்கிளில் பாடிக்கொண்டே போனேன் என்று என் வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

திரும்பி வரும்போது கொசுச் சத்தம் கேட்டது. திருகு மறுபடி சக்கில் இருந்தது. அவன் நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"முனையில மூணு குத்து இருந்துச்சு மாமா. தூக்கி வெக்கிறப்ப எங்கயோ பட்டுருச்சு போல. லேசா ஒரு சீவல் எடுத்துட்டேன். இப்பப் பாருங்க, மூஞ்சி தெரியும்."

குனிந்து பார்த்தேன். தெரிந்தது.

அவனுக்குத் தெரியாது. தொழிற்சாலையில் யாரும் எதிலும் குத்துவதில்லை. ஒருத்தன் செய்ததை இன்னொருத்தன் பூட்டுவான், மூன்றாவது ஆள் பெட்டியில் போடுவான். அவன் கண்ணுக்கு அது அடிபட்ட தழும்பு. அதைச் சுத்தமாக்கிக் கொடுத்ததில் அவனுக்குச் சந்தோஷம்கூட. மறுபடி குத்த என் கை போனது. ஆனால் கடைசிச் சீவல் அவனுடையது. விதி விதிதான். பஞ்ச் உளியை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"எதுக்கு மாமா?"

"சும்மா" என்றேன். உளியைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டுக் கிரீஸ் டப்பாவைத் திறந்தேன்.

திருவிழாவில் திருகு வேலை செய்தது. முதல் மின்கம்பியிடம் தேர் நின்றதும் கைப்பிடியைச் சுற்றினார்கள். உச்சி சத்தமே இல்லாமல் இறங்கியது, தாண்டியதும் ஏறியது. மூங்கில் கழியோடு கம்பி தூக்க வந்தவர்களுக்கு வேலையில்லாமல் போய், கழியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஹாரன் ஒன்றுகூட இல்லை. தலைவர் மைக்கை வாங்கி, நவீனக் கணினி முறையில் இந்தத் திருகைச் செய்து கொடுத்தவர் என்று சொல்லி, ரவாங் என்று ஊரைச் சொல்லி, என் மச்சினன் பேரைச் சொன்னார். பொன்னாடை போட்டார்கள். அவன் கூட்டத்தில் என்னைத் தேடினான், கையைக்கூடத் தூக்கி அழைத்தான். நான் தேருக்கு அந்தப் பக்கம் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களோடு நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பிக்காகத் துடைத்தாள். எனக்காக அவள் கண்ணைத் துடைத்தது எப்போது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

திருவிழா முடிந்த பிறகு, தேரின் அடியில் ஒரு பித்தளைத் தகடு வைக்கப் போகிறோம் என்று தலைவர் சொன்னார். அதில் என்ன எழுதுவது என்று கூட்டம் கூடினார்கள். மைக்கில் சொன்னதையேதான் எழுதி வைத்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, அந்த நட்டு யாருடையது என்று கேட்டேன். எல்லாரும் முழித்தார்கள். தலைவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார்.

"அண்ணே, நீங்க நம்ப வூட்டு ஆளு லா. உங்களுக்குத் தனியா எதுக்கு?"

அப்போது மச்சினன் எழுந்தான். "மாமா பேரயே போடுங்க. எனக்கு வேணாம். மெஷின் அவரோடது" என்றான். கைதட்டினார்கள். அவனுடைய பெருந்தன்மைக்கு.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விட்டுக்கொடுக்கிறான் என்றால், அது முழுக்க அவனுடையது என்று ஆகிவிட்டதல்லவா? தன் கையில் இருப்பதைத்தானே ஒருத்தன் கொடுக்க முடியும். எனக்குத் தர வேண்டியதில்லை. என்னுடையது என்னிடமே இருக்கிறது. அதை எழுதினால் போதும். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். தகடு இன்னும் அடிக்கப்படவில்லை. இருவர் பேரும் வேண்டாம், கோயில் நிர்வாகத்தின் பேரைப் போடலாம் என்று இப்போது பேச்சு நடப்பதாகக் கேள்வி.

வீட்டில் என் வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியை வைத்துவிட்டு, "என்னா, அவன் என்னா உங்க எதிரியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எதிரியாக இருந்தால் சுலபம். அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்திருப்பேன். எறிய மாட்டேன். நேற்றுகூட அதில்தான் மரை வெட்டினேன். ஒட்டுத்தாளைப் படித்துத்தான் வெட்டினேன். நல்ல பெட்டி. அவன் தலையில் இருப்பது என் தலையில் இல்லை, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் என் கையில் இருப்பதும் அவன் கையில் இல்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தலைவரின் மைக்கும் தேவையில்லை.

ஆகவே இங்கேயே எழுதிக் கேட்கிறேன். நிர்வாகத்தார் படிக்கட்டும், என் மச்சினனும் படிக்கட்டும். தேரிலிருந்து அந்தத் திருகை இறக்கி என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். மேல்முனையில் வெங்காயத் தோல் அளவுக்கு ஒரு சீவல் நான் எடுப்பேன். கடைசிக் கத்தி என்னுடையதாக இருக்கட்டும். அதற்கப்புறம் மூன்று புள்ளியை நானே குத்துவேன். பித்தளைத் தகட்டில் மச்சினன் பேரைப் போடுங்கள், மின்னியக்கம் அவனுடையது, ஓர் எழுத்தும் குறைக்க வேண்டாம். அதற்கு மேல் வரியில் என் பேரைப் போடுங்கள். கத்தி, வார்ப்பு, நட்டு, தாங்கி, மெஷின், இவை என்னுடையவை என்று எழுதுங்கள். நாளைக்கே கம்பிக்கு அடியில் அந்தத் திருகு சிக்கி நின்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அதற்காகத்தான் என் பேரைக் கேட்கிறேன், என் பங்கை எழுதுங்கள்.